தமிழாசிரியர் ஒருவர் டெக் லீட் ஆன கதை

வலங்கைமான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பாடைகட்டி மாரியம்மன். தீபாவளி சமயமாக இருந்தால் பட்டாசு. கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால் "ரைட் ஆனரபிள் சீனிவாச சாஸ்திரி உங்க ஊர்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம், எங்க ஊர்தான். 1869-இல் இங்கே ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராக வேலைக்குப் போய், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகி, 1921-இல் பிரிவி கவுன்சில் உறுப்பினர் ஆனவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1935 முதல் 1940 வரை இருந்தார். அவருடைய இங்கிலீஷைப் பற்றி எல்லா மலர்களிலும் எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு.

1940-இல் சென்னை மாகாண அரசு அறிவியல் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்த ஒரு குழு அமைத்தது. தலைவர் நம் சாஸ்திரியார். குழு வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். மனுக்கள் போயின, கண்டனங்கள் எழுந்தன. பிறகு தமிழ்ச் சொற்களுக்காக வாதாடியவர்களையும் குழுவில் சேர்க்க வேண்டியதாயிற்று. பார்வைக்கு இது வெறும் மொழிச் சண்டை. என் தொழிலில் இருப்பவன் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தால் பாடப்புத்தகம் ஓடாது; எல்லோரும் ஒரு பெயருக்கு வர வேண்டும்; யாருடைய பெயர் நிற்பது, யாருடையது போவது? இன்றைய பாஷையில் அதற்கு 'ஸ்டாண்டர்ட்ஸ் கமிட்டி' என்று பெயர். சாஸ்திரியார் உலக மேடைகளில் எல்லாம் பேசி ஜெயித்தவர். இந்த ஒரு மேடை மட்டும் அவருக்குச் சுலபமாக இல்லை.

ஏறத்தாழ அதே சண்டை ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மறுபடி வந்தது, இந்தத் தடவை கம்ப்யூட்டருக்குள். அதை எதிர்கொண்டவரும் ஒரு வாத்தியார்தான். ஆனால் நம் நாட்டுக்காரர் இல்லை, சிங்கப்பூர்க்காரர். பெயர் நா. கோவிந்தசாமி.

நம் கல்லூரித் தம்பி தங்கைகள் ஒவ்வொரு சந்திப்பிலும் என்னைப் போன்றவர்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, வெப் டெவலப்பரா சேர்ந்துட்டா கடைசி வரைக்கும் பக்கம் டிசைன் பண்ணிக்கிட்டே இருக்கணுமா? டெக் லீட், ஆர்க்கிடெக்ட் எல்லாம் ஐஐடி ஆளுங்களுக்குத்தானே?" இதற்குச் சம்பளப் பட்டியலைக் காட்டிப் பதில் சொல்லலாம். அதைவிட ஒரு சரித்திரத்தைச் சொல்வது மேல் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

கோவிந்தசாமி 1946-இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர் ஆனார். சிறுகதை எழுத்தாளர். 1970-களின் பிற்பகுதியில் 'இலக்கியக் களம்' என்ற அமைப்பைத் தொடங்கி, அந்நாட்டில் வெளிவந்த சிறுகதைகளை உட்கார்ந்து விவாதிக்க வைத்தவர். இதுவரை படித்துப் பாருங்கள், கம்ப்யூட்டர் எங்கேயாவது தலை காட்டுகிறதா? இல்லை. முறையான கணினிப் படிப்பு எதுவும் இல்லாத ஒரு தமிழ் வாத்தியார் அவர். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழை நவீனமாகக் கொடுக்க வேண்டுமே என்கிற கவலையில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்.

அந்தக் காலத்தை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய 'வெப்' உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டது 1991-இல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பை வி.எஸ்.என்.எல். கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. நம் கல்லூரியின் அந்நாளைய மாணவர்கள் பாதிப் பேர் அப்போது இன்டர்நெட் என்ற சொல்லையே பத்திரிகையில் பார்த்திருந்தால் உண்டு. 'வெப் டெவலப்பர்' என்றொரு உத்தியோகம் இன்னும் பிறக்கவில்லை. 'வெப் மாஸ்டர்' என்பார்கள்: எழுதுவதும் அவரே, படம் ஒட்டுவதும் அவரே, சர்வர் படுத்துவிட்டால் எழுப்புவதும் அவரே.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் டான் டின் வீ. இவரும் கணினிப் பட்டதாரி அல்ல; உயிர்வேதியியல் பேராசிரியர்! கோவிந்தசாமி இவர்களோடு சேர்ந்தார். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் (சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம்) இணையத்தில் ஏற்றும் திட்டம் ஒன்று உருவானது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். தமிழில் வந்த முதல் இணையப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு பக்கம் போட்டாயிற்று. இங்கேயே நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல வெப் டெவலப்பர், அவ்வளவுதான். கதை இதற்கு மேல்தான் இருக்கிறது.

அதற்கு முன் தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்நாளைய கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128 இடங்களை ஆங்கிலம் பட்டா போட்டு வைத்திருந்தது. மிச்சம் 128, அதிலும் சில இடங்களில் கை வைக்கக் கூடாது. நமக்கோ 247 எழுத்து. முழு எழுத்துகளை வைக்க இடம் போதாது என்பதால் துண்டு துண்டாக வெட்டி வைத்தார்கள்: கொம்பு தனி, கால் தனி, 'க' தனி. 'கொ' என்று எழுத வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று துண்டு. எந்தத் துண்டு எந்த எண்ணில் உட்கார வேண்டும்? அங்கேதான் ஆளுக்கொரு வழி. ஒருவர் 171-இல் 'அ' வைத்தால் இன்னொருவர் அதே 171-இல் வேறோர் எழுத்தை வைத்திருப்பார். ஒருவர் எழுதியதை அடுத்தவர் ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் திரை முழுக்கப் புரியாத குறிகள். ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்துக்கும் போய் ஒவ்வொரு ஃபாண்ட்டை இறக்கிக்கொண்டது நம் சீனியர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

நம் ஊர் பாஷையில் சொன்னால், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஒவ்வொருவரும் தன் வயலுக்குத் தனித்தனியாக மடை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் விட ஆள் இல்லை.

ஒவ்வொரு மடையையும் வெட்டியவர்கள் சாதாரணமானவர்களும் அல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கியவர். பின்னாளில் ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் வந்து உட்கார்ந்த 'இணைமதி' எழுத்துருவும் அவருடையது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். 1998 பொங்கலன்று, சங்க இலக்கியம் முதலாக எல்லாவற்றையும் இலவசமாக இணையத்தில் ஏற்றும் 'மதுரைத் திட்டம்' என்ற மாபெரும் வேலையையும் தொடங்கி வைத்தார். கோவிந்தசாமியிடம் அவருடைய 'கணியன்' இருந்தது. பெயரைக் கேட்டதும் பூங்குன்றனார் நினைவு வரும். யாதும் ஊர் என்றவரின் பெயரை இணையத்துக்கு வைத்தது எத்தனை பொருத்தம் பாருங்கள்! ஆக ஒரு பொறியாளர், ஒரு வேதியியல் ஆய்வாளர், ஒரு தமிழ் வாத்தியார். எல்லோருக்கும் சொந்தமாக ஒரு படைப்பு, அதன் மேல் நியாயமான பெருமை, அதை நம்பித் தட்டச்சு செய்துவிட்ட ஆயிரக்கணக்கான பக்கங்கள்.

இந்த இடத்தில் ஒரு நல்ல டெவலப்பர் என்ன செய்வார்? தன் ஃபாண்ட்டை இன்னும் அழகாக்குவார். அடுத்தவருடையதைவிட என்னுடையது ஏன் உசத்தி என்று நாலு பக்கம் எழுதுவார். கோவிந்தசாமி வேறொன்று செய்தார். 1997 மே மாதத்தில் எல்லோரையும் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டு ஒரே அறையில் உட்கார வைத்தார். 'தமிழ்நெட் 97' என்ற அந்த மாநாடுதான் உலகத் தமிழ் இணைய மாநாடுகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி.

அந்த மாநாட்டில் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் எதைத் தீர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: ஒரே விசைப்பலகை, ஒரே குறியேற்றம். எங்கள் தொழிலில் பாதி வேலை இதுதான் என்பது மாணவர்களுக்கு இப்போது நம்பச் சிரமமாக இருக்கும்.

பேச்சு சென்னைக்கு வந்தது. 1999 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு நடத்திய 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்கு முன்னின்றவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன். அங்கேதான் இரண்டு குறியேற்றங்களும் ஒரு விசைப்பலகையும் முடிவாயின. தமிழ் மட்டும் எழுதுவதற்கு 'டாம்', தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கு 'டாப்'. விசைப்பலகைக்குப் பெயர் 'தமிழ்99'.

தமிழ்99-ஐப் பற்றி ஒரு வார்த்தை. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலது கைப் பக்கம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 எழுத்து தெரிந்தால் போதும், 247-ஐயும் எழுதிவிடலாம். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முன்னதுக்குப் புள்ளி தானாக விழும். பழைய டைப்ரைட்டர் பலகையில் கொம்பையும் காலையும் தேடித் தட்டியவர்களுக்கு இது ஒரு விடுதலை. நன்றாகப் பாருங்கள், இது இலக்கணம்! உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று ஆறாம் வகுப்பில் படித்ததை அப்படியே விசைகளாக ஆக்கியிருக்கிறார்கள். கணினி மட்டும் படித்தவர் மனதில் இது சுலபத்தில் உதித்திருக்காது. வடிவத்தைத் தட்டாதே, ஒலியைத் தட்டு என்ற முறைக்காக கோவிந்தசாமி அதற்கு முன்பிருந்தே வாதாடி வந்தார். தமிழ் வாத்தியார் என்பது அவருக்குக் குறையாக இருக்கவில்லை, அதுவே அவருடைய தொழில்நுட்பத் தகுதி.

தமிழ்99-க்கும் புதிய குறியேற்றங்களுக்கும் தமிழ்நாடு அரசின் ஆணை 1999 ஜூனில் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. மே மாதக் கடைசியில் காலமாகிவிட்டார். வயது 53.

அவர் செய்த 'கணியன்' குறியேற்றம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போய்விட்டது. அது மட்டுமல்ல, டாம், டாப் இரண்டும் கூடக் கொஞ்ச காலம்தான். 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்தபின் வெள்ளம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யூனிகோடையே ஏற்று ஆணை போட்டது. ஆனால் விசைப்பலகை நின்றுவிட்டது. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் தமிழ்99 இருக்கும். தன் சொந்தச் சரக்கை மேஜையில் வைத்து, "இதுவும் போகலாம்" என்ற மனதோடு மற்றவர்களைக் கூப்பிடத் தெரிந்தவர்தான் டெக் லீட் என்று நான் நினைக்கிறேன். பத்து வருஷ அனுபவம், பத்துப் பேர் டீம் என்பதெல்லாம் ஹெச்.ஆர். வைத்த கணக்கு. எத்தனையோ திறமைசாலிகள் சீனியர் டெவலப்பராகவே நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுதத் தெரியாமல் இல்லை, தான் எழுதியதை விடத் தெரியவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'சுயமாக முன்னுக்கு வந்தவர்' என்று விழா மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கோவிந்தசாமி தானாகக் கற்றவர் என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகப் பிரிவு இருந்தது, தமிழை ஆட்சிமொழியாக வைத்திருந்த ஓர் அரசு இருந்தது, கதவைத் திறந்துவிட்ட ஓர் உயிர்வேதியியல் பேராசிரியர் இருந்தார். நாற்றை நாம்தான் நட்டோம், ஆனால் தண்ணீர் மேட்டூரிலிருந்து வந்தது. சாஸ்திரியாருக்கும் அப்படித்தான்: கும்பகோணம் அரசுக் கல்லூரி என்று ஒன்று நடக்கிற தூரத்தில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது யாருடைய புகழையும் குறைப்பதற்காகச் சொல்வதில்லை. முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

டெல்டாக்காரர்கள் கூடினால் ஸ்ரீதர் வேம்பு பேச்சு வராமல் இருக்காது. உமையாள்புரம் நமக்கு எட்டிப் பார்க்கும் தூரம். 1968-இல் பிறந்து, 1989-இல் சென்னை ஐஐடி, பிறகு பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், 1996-இல் நண்பர்களோடும் சகோதரர்களோடும் 'அட்வென்ட்நெட்', 2009-இல் அது 'ஸோஹோ' ஆனது, 2021-இல் பத்மஸ்ரீ என்று எல்லோருக்கும் மனப்பாடம். அவருடைய பாதை வேறு. அதைக் காட்டி நம் பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் செய்ததில் நமக்கு நேரடியாகப் பொருந்துவது இரண்டு. ஒன்று, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, புரோகிராமர்களாக ஆக்கும் 'ஸோஹோ பள்ளி'. இன்னொன்று, 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி நாற்காலியை விட்டு இறங்கி, தலைமை விஞ்ஞானி என்று ஆராய்ச்சிப் பக்கம் போய் உட்கார்ந்தார். மேலே ஏறுவது என்றால் தொழில்நுட்பத்தை விட்டு விலகி மேனேஜர் ஆவதுதான் என்று நினைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பட்டாசுப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே யாருக்கும் வேதியியல் பட்டம் கிடையாது. கை பழகித்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் செய்யும் பிழை பக்கத்தில் இருப்பவர் எல்லோரையும் பாதிக்கும் என்பதால், எந்தக் கலவை எவ்வளவு, எங்கே காய வைப்பது, எது எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதில் பட்டறைக்கே ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொள்பவர் வேகமாகத் திரி சுற்றுபவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சாஃப்ட்வேரிலும் அப்படித்தான். இன்று ஒரு வெப் பக்கத்தை எழுதித் தர இயந்திரமே வந்துவிட்டது. கேட்டால் அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது. பக்கம் கட்டுவது மட்டுமே தெரிந்தவருக்கு இது சங்கடமான காலம்தான், மறைப்பானேன்? எது எதோடு ஒட்ட வேண்டும், யார் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசி முடிக்கிற வேலை மட்டும் இன்னும் மனிதர் கையில் இருக்கிறது. 1997-இல் கோவிந்தசாமி எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான்.

தமிழ் வழியில் படித்தோம், ஆர்ட்ஸ் குரூப் எடுத்தோம், அரியர் வைத்தோம் என்று தயங்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. உங்களுக்குக் கணினி தவிர வேறு என்ன நன்றாகத் தெரியும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எப்படிக் கணக்காகிறது என்று தெரியுமா? கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் எப்படி நடக்கிறது என்று அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய கம்பெனிகளில் இதெல்லாம் 'டொமைன் நாலெட்ஜ்' என்ற பெயரில் தேடித் தேடி வாங்கும் சரக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பழைய மலர்கள் சில இன்னும் சிடி-க்களில், பழைய ஃபாண்ட்டுகளில் கிடக்கின்றன. திறந்தால் குறிகள்தான் தெரிகின்றன. எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடித்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றுவது பெரிய காரியம் இல்லை. இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் செய்து தர முன்வந்திருக்கிறார்கள். சீனியர்கள் வீட்டில் பழைய சிடி, ஃபிளாப்பி எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாமல் சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். எந்த ஃபாண்ட்டில் அடித்தோம் என்று நினைவிருந்தால் உறை மேல் எழுதி வையுங்கள். நினைவில்லை என்றாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.